ஒரு சைஸ் கூடுதல்

பினாங்கு
4.3.1984

அன்புள்ள அத்தானுக்கு,

நீலா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். போடத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் மலர் அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

போன மாதம் 25ஆம் தேதி உங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் எங்கள் திரை புகைந்து செத்தது. தேயிலை உலர்த்தும் டிரையரின் சூட்டைப் பெரிய எண்ணாகக் காட்ட வேண்டிய திரை, சுவிட்சைப் போட்டு மூட்டி அரை மணி நேரத்தில், துரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. அன்று மேலே உங்கள் மலைக்கு வந்திருந்தவர் என் முதலாளி லிம். நான் கீழே பினாங்கில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லிம் தொலைபேசியில் சொன்னதை வைத்து, "எஸ்டேட் வயர்மேன் கொடுத்த இணைப்பில் கோளாறு" என்று அறிக்கை எழுதி உங்கள் ஆபீசுக்கு அனுப்பியது நான்தான்.

அத்தான், அந்தக் கோளாறு உங்களுடையது இல்லை. என்னுடையது. எரிந்த திரையைப் பிரித்துப் போட்டு ஒரு வாரமாகப் பார்த்தேன். வயர்மேன் தொட்ட இடமெல்லாம் சுத்தமாக இருக்கிறது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர்தான் கருகியிருக்கிறது. அது கருகியது என் புரோகிராம் திரையை மிஞ்சிய வேகத்தில் விரட்டியதால். எங்கள் கடையில் இருக்கும் பெரிய திரைக்குப் போட்ட எண்ணை மாற்றாமலே அப்படியே அனுப்பிவிட்டேன்.

லிம் இன்னும் ஒரே ஒரு திரை வாங்கித் தருகிறார். மே 19ஆம் தேதி துரை மறுபடியும் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் புகைந்தால் இந்த வேலையையே மூடிவிட்டு டெலிவிஷன் ரிப்பேருக்குத் திரும்புவது என்று லிம் முடிவு செய்துவிட்டார். எனக்கு அது இரண்டு வருட உழைப்பு. அங்கே அதைப் பொருத்த உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

நீலா

ரிங்லெட்
11.3.1984

நீலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. உன் அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

அந்த அறிக்கை ஆபீசுக்கு வந்த அன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கம் அதை எழுந்து நின்று சத்தமாகப் படித்தார். சம்பள நாள். கொழுந்து எடுப்பவர்கள், தொழிற்சாலை ஆட்கள் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். படித்து முடித்துவிட்டு, "என்னா மணியம், பதினோரு வருஷமா வயரு இழுக்கிற, ஒரு பெட்டிக்கு லைன் குடுக்கத் தெரியலையாலா?" என்று கேட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் மாட்டிய மோட்டார்கள்தான் இந்தத் தொழிற்சாலையில் ஆறு ரோலர்களையும் ஓட்டுகின்றன.

எழுதியது யாரோ ஊர் பேர் தெரியாத இஞ்சினியர் என்றால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். எழுதியது என் சொந்தக் கொழுந்தியாள். தொலைபேசியில் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

எனக்கு மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினால் போதாது. எந்த ஆபீசுக்கு அந்த அறிக்கை வந்ததோ அதே ஆபீசுக்கு மாற்றி எழுது. அது வரும்வரை உன் பெட்டியை நான் கையால் தொடமாட்டேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. திரைக்கு என்ன வேகம்? அதற்குள் ஓடுவதற்குச் சக்கரமா இருக்கிறது? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், உறவு கொண்டாட இல்லை.

மணியம்

பினாங்கு
17.3.1984

அன்புள்ள அத்தானுக்கு,

துரைக்கு நேற்றே எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. "தவறு முழுவதும் எங்கள் புரோகிராமில். வயர்மேன் திரு. மணியத்தின் வேலையில் ஒரு குறையும் இல்லை" என்று கொட்டை எழுத்தில் தட்டச்சு செய்திருக்கிறேன். கிராணி அதையும் எழுந்து நின்று படிக்கட்டும். நான் உங்களைக் கேட்காமல் எழுதியது பெரிய தப்பு, அத்தான். வெட்கமாக இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. அதைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு பொட்டலம் மைசூர்பாகு அனுப்பலாம்!

திரையில் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. இடமிருந்து வலமாக ஒரு வரி, அதற்குக் கீழே அடுத்த வரி. முழுப்படம் முடிந்ததும் மறுபடி மேலே இருந்து தொடங்கும், நொடிக்கு ஐம்பது தடவை. ஒரு நொடிக்குள் எத்தனை புள்ளி போகிறது என்பதுதான் புள்ளி வேகம். உங்கள் ரோலரில் அளவுக்கு மேல் கொழுந்தைக் கொட்டினால் என்ன ஆகும்? அதே கதைதான். ஒவ்வொரு திரைக்கும் இதற்குமேல் தாங்காது என்று ஓர் உச்சம், இதற்குக் கீழே படம் நிற்காது என்று ஒரு தரை. உச்சத்தைத் தாண்டினால் டிரான்ஸ்பார்மர் கருகும்.

எல்லா எஸ்டேட்டிலும் ஒரே திரை இருக்காது என்பதால், ஓர் எண்ணைத் தட்டி வேகத்தை மாற்றும் வசதி வைத்திருக்கிறேன். போர்டில் கிரிஸ்டல் என்று ஒரு சின்ன வெள்ளி டப்பி இருக்கும். அதுதான் மாறாத வேகத்தில் துடிக்கிறது. அந்தத் துடிப்பை நாம் தட்டும் எண்ணால் வகுத்தால் புள்ளி வேகம் கிடைக்கும். சின்ன எண் தட்டினால் வேகம் கூடும். முன்பு எதைத் தட்டினாலும் புரோகிராம் தலையாட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டது. இனி வாங்காது! உங்கள் திரைக்கு 96 முதல் 104 வரைதான் செல்லும். மற்றது எது வந்தாலும் "ஏற்கவில்லை" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேகத்திலேயே நிற்கும்.

நேற்று முழுக்கச் சோதித்தேன். 96 போனது. 95 திரும்பி வந்தது. 104 போனது. 105 திரும்பி வந்தது! நான் குதித்த குதியில் லிம் எலி என்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடி வந்தார்.

போர்டும் திரையும் அடுத்த வாரம் தாப்பா வரை பஸ்ஸிலும் அங்கிருந்து காய்கறி லாரியிலும் வரும். எண் 100இல் வைத்திருக்கிறேன். பொருத்திவிட்டு உடனே எழுதுங்கள். உடனே!

நீலா

ரிங்லெட்
2.4.1984

அன்புள்ள நீலாவுக்கு,

கிராணி படித்தார். எழுந்து நின்று படிக்கவில்லை, உட்கார்ந்துகொண்டு முணுமுணுத்தார். பின்னால் இருந்தவர்கள் "சத்தமா படிங்க, கேக்கல!" என்று கத்தினார்கள். எனக்கு அது போதும்.

பெட்டி கோலா தெர்லாவுக்குப் போகும் லாரியில் வந்தது. வழியில் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. சில்லறை வேலைகள் இருந்தன, நானே பார்த்துக்கொண்டேன். பொருத்திவிட்டேன்.

நீலா, படம் வந்துவிட்டது! முதலில் சாய்ந்து சாய்ந்து ஓடியது. பின்பக்கத் திருகை ஸ்குரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன், சட்டென்று நின்றது. கறுப்புத் திரையில் பச்சையாக 194. டிரையர்க்காரர் பக்கிரிசாமி தன்னுடைய பழைய மீட்டரை ஓடிப்போய்ப் பார்த்தார், அதிலும் 194. இருபது வருடமாகக் கால் மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்துப் பலகையில் சாக்பீசால் எழுதுகிற மனிதர். "இனிமே நான் ஒக்காந்த எடத்துலேருந்தே பாக்கலாம்லா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ரோலர்க்காரர்கள், சல்லடையில் இருக்கும் பெண்கள், எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஒரு விஷயம். இரண்டு மணி நேரம் ஆனதும் திரையின் முதுகில் கை வைக்க முடியவில்லை. லேசாக ஒரு வாடை. பழைய புகை ஞாபகம் வந்து உடனே அணைத்துவிட்டேன். சல்லடைப் பெண் பவளம் அருகில் நின்று பார்த்துவிட்டு, "எங்க வீட்டு டிவி கத்துற மாதிரி இல்லண்ணே, கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி கீச்சுன்னு கத்துது" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எண் 100தான் இருக்கிறது. உன் எல்லைக்குள்தான் இருக்கிறது. பிறகு ஏன் இப்படிச் சுடுகிறது?

மணியம்

பினாங்கு
8.4.1984

அன்புள்ள அத்தானுக்கு,

194! அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

சுடுவதுதான் எனக்குப் புரியவில்லை. கணக்கை நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். 100க்கு அது குளிர்ச்சியாக ஓட வேண்டும். டிரையருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டீர்களா? அப்படி என்றால் தள்ளி வையுங்கள். காற்றோட்டத்தை அடைக்கும்படி சாக்கு ஏதும் போட்டு மூடவில்லையே?

எனக்கு இன்னொரு யோசனை வந்திருக்கிறது, கேளுங்கள். என் புரோகிராம் இதுவரை கணக்கில் வரும் வேகத்தைத்தான் எல்லையோடு ஒப்பிட்டது. உண்மையில் ஓடும் வேகத்தை அது அளக்கவே இல்லை. மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை அலைகிறது அல்லவா? அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஓர் அலைக்குள் எத்தனை புள்ளி போகிறது என்று எண்ணச் சொல்லிவிட்டேன். வேகம் எல்லையைத் தாண்டியிருந்தால் திரையைத் தானே அணைத்துவிடும். இங்கே கடையில் வைத்துப் பார்த்தேன், அற்புதமாக வேலை செய்கிறது.

இந்தப் புரோகிராமைப் பதிந்த புது சிப்பை சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளில் சுற்றி, மைலோ டின்னுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். பழையதைக் கழற்றிவிட்டு இதைப் போடுங்கள். கால்கள் வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலா

ரிங்லெட்
16.4.1984

நீலாவுக்கு,

சாக்குப் போட்டு மூடுகிறவனா நான்? டிரையரில் இருந்து முப்பதடி தள்ளித்தான் வைத்திருக்கிறேன். சாதாரண நாளிலேயே இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். அது போதாதென்று வீட்டு ஃபேனையும் கொண்டுபோய் அதன் முதுகுக்குக் காற்று விட்டேன். உன் அக்கா கேலி செய்தாள்.

உன் புது சிப்பைப் போட்டேன். திரை எரியவே இல்லை. மூட்டினால் ஒரு நொடி வெளிச்சம், உடனே இருட்டு. காலையில் இருட்டு, மத்தியானம் இருட்டு. கிராணி பார்த்துவிட்டு, "இப்ப பொகையே வரல, நல்ல முன்னேற்றம்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

உட்கார்ந்து யோசித்தேன். நீ பினாங்கில் இருந்துகொண்டு ஐம்பது ஐம்பது என்கிறாய். இங்கே கரண்ட் ஆற்றுத் தண்ணீரில் ஓடும் எங்கள் சொந்த டர்பைனில் இருந்து வருகிறது. காலையில் ஆறு ரோலரும் ஒன்றாகப் புறப்பட்டால் லைட் மங்கும், சுவிட்ச் போர்டில் இருக்கும் முள் நாற்பத்தெட்டுக்கு இறங்கும். ரோலர் நின்றால் ஐம்பத்தொன்றுக்குப் போகும். தண்ணீர் எப்படியோ அப்படித்தான் முள். ஆடுகிற கோலால் அளந்துவிட்டு, துணி சரியில்லை என்று திரையை அணைக்கிறாய்.

இதைக்கூட என்னிடம் கேட்டிருக்கலாம். மறுபடியும் கேட்காமல் செய்திருக்கிறாய். பழைய சிப்பையே திரும்பப் போட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுகிறேன், அதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. 19ஆம் தேதி மூன்று மணி நேரம் ஓட வேண்டும் என்று துரை சொல்லியிருக்கிறார்.

மணியம்

பினாங்கு
21.4.1984

அன்புள்ள அத்தானுக்கு,

நல்ல சாத்து! வாங்கிக்கொண்டேன். டர்பைன் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. நான் இஞ்சினியர் என்று வெளியே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இனிமேல் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன். ஆகவே இப்போது கேட்கிறேன்: உங்கள் மலையில் ஆடாத ஒரு கடிகாரம் எது?

எனக்குத் தெரிந்து ரேடியோதான். மணிக்கு மணி செய்திக்கு முன்னால் "பிப், பிப்" என்று வருமே, அது கோலாலம்பூரில் இருந்து வருவது, உங்கள் ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை வைத்து உங்கள் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய சிப்பில், சோதனைக்கென்று நான் தனியாக வைத்த 777ஐத் தட்டினால் திரையின் மூலையில் ஓர் எண் ஓடும். முழுப்படம் வரைந்து முடியும் ஒவ்வொரு தடவையும் அது ஒன்று கூடும். சரியாகப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அந்த எண்ணை எழுதி அனுப்புங்கள். நொடிக்கு ஐம்பது, அறுநூறு நொடி. 30,000 வர வேண்டும்.

முப்பதாயிரம் வந்தால் என் கணக்கு சரி, திரைதான் மட்டம். கடைக்காரனிடம் சண்டை போட்டு வேறு வாங்குவேன். வராவிட்டால்? வராவிட்டால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை அத்தான். ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. தந்தி அடித்தாலும் சரி.

நீலா

ரிங்லெட்
29.4.1984

அன்புள்ள நீலா,

33,748.

மூன்று தடவை பார்த்தேன். ஏழு மணி பிப்புக்குக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு தடவை. எட்டு மணிக்கு இன்னொரு தடவை, அப்போது 33,751. ஒன்பது மணிக்கு உன் அக்காவைக் கடிகாரம் பார்க்கச் சொல்லிவிட்டு நான் திரையைப் பார்த்தேன், அப்போதும் 33,749. எட்டில் ஒரு பங்கு கூடுதல். திரை உன் எல்லையைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த எட்டில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். காகிதத்தில் வகுத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பெட்டியைப் பிரித்தபோது அந்தச் சின்ன வெள்ளி டப்பி, நீ கிரிஸ்டல் என்று எழுதினாயே, அதன் ஒரு கால் ஒடிந்து கிடந்தது. லாரி ஆட்டத்தில் ஒடிந்ததா, நான் ஆணி பிடுங்கும்போது ஒடிந்ததா, சாமி சத்தியமாகத் தெரியாது. அதன் தலையில் 16 என்று போட்டிருந்தது. ஸ்டோரில் தூக்கிப் போட்ட பழைய வயர்லெஸ் செட் ஒன்றில் அதே அளவு டப்பி இருந்தது. அதன் தலையில் 18. எடுத்துப் பற்றவைத்துவிட்டேன்.

நீயே சொல், வயர் என்றால் ஒரு சைஸ் கூடுதலாகப் போட்டால் குறை சொல்வார்களா? போல்ட், பேரிங், மோட்டார், எதை மாற்றினாலும் ஒரு சைஸ் கூடுதலாகப் போடு, தாங்கும் என்றுதான் நான் பழகியிருக்கிறேன். பதினாறு ஒடிந்துவிட்டதா, பதினெட்டு போடு, இன்னும் தெம்பாக நிற்கும் என்று நினைத்தேன். நினைக்கக்கூட இல்லை. கை தானாகச் செய்துவிட்டது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ அறிக்கையை மாற்றி எழுதி, கிராணி வாயை அடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெட்டியை உடைத்துவிட்டேன் என்று அப்போது சொன்னால், முதலில் எழுதியதே உண்மை என்று ஆகிவிடும். அந்தப் பயம். உன்மேல் கோபம் கோபம் என்று எழுதிக்கொண்டே உனக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். உன் அக்காவிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

திரையை மூட்டவில்லை. அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 19க்கு இன்னும் இருபது நாள். என்ன செய்யட்டும்?

மணியம்

பினாங்கு
3.5.1984

அத்தான்! அத்தான்! அத்தான்!

கோபமா? எனக்கா? உங்கள் கடிதத்தைக் கடை வாசலில் நின்று படித்துவிட்டு "பதினெட்டு!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை மீன்காரர் திரும்பிப் பார்த்தார். பதினெட்டைப் பதினாறால் வகுத்துப் பாருங்கள். முப்பதாயிரத்தால் பெருக்குங்கள். 33,750! நீங்கள் ஒரு கைக்கடிகாரத்தையும் ரேடியோவையும் வைத்துக்கொண்டு, முப்பத்து மூவாயிரத்துச் சொச்சத்தில் இரண்டே இரண்டுதான் குறைய அளந்திருக்கிறீர்கள். இங்கே இருபதாயிரம் வெள்ளி மெஷினை வைத்துக்கொண்டு நான் திணறிக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லாம் விளங்குகிறது. படம் முதலில் சாய்ந்து ஓடியதும் அதனால்தான், நீங்கள் திருகைத் திருப்பி அதை நிறுத்தியது உங்கள் கைத்திறமை. பவளம் அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டார், கீச்சென்று கத்துகிறது என்று. வேகம் கூடினால் குரலும் உயரும். நான் அந்த வரியைப் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். இதைவிட வெட்கம் என்ன தெரியுமா? உங்கள் தொழிற்சாலையில் என் இரண்டாவது சிப் திரையை அணைத்துக்கொண்டே இருந்ததே, அது சரியாகத்தான் அணைத்திருக்கிறது! முள் நாற்பத்தெட்டில் நின்றாலும் ஐம்பத்தொன்றில் நின்றாலும் வேகம் எல்லைக்கு மேலேதான் இருந்திருக்கும். நீங்கள் டர்பைன்மேல் பழியைப் போட்டீர்கள், நான் நம்பிவிட்டேன். உண்மை பேசியதை இரண்டு பேரும் சேர்ந்து கழற்றி வைத்தோம்.

தப்பில் பாதி என்னுடையது, அத்தான். கிரிஸ்டல் 16தான் என்று என் புரோகிராம் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது. அதை வைத்துக்கொண்டு எல்லை பார்த்தால் என்ன பிரயோஜனம்?

பஞ்சில் சுற்றி மூன்று கிரிஸ்டல் அனுப்பியிருக்கிறேன். மூன்றிலும் 16. ஒன்றைப் பற்றவையுங்கள், இரண்டைப் பத்திரமாக வையுங்கள். திருகைப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். பத்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். 30,000 வந்தால் எனக்குத் தந்தி.

19ஆம் தேதி லிம் வருகிறார். கடையில் ஆள் வேண்டும் என்பதால் என்னை விடமாட்டேன் என்கிறார். கும்பிட்டுக் கேட்கிறேன், அன்று யாரும் எண்பலகையைத் தொட வேண்டாம். 100இல் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். வேறு திரை கிடையாது.

நீலா

ரிங்லெட்
20.5.1984

அன்புக் கொழுந்தியாளுக்கு,

29,998 என்று தந்தி அடித்தது உனக்குக் கிடைத்திருக்கும். நேற்று நடந்ததை லிம் உனக்குச் சொல்வதற்கு முன்னால் நான் எழுதிவிட வேண்டும். சொன்னால் நீ என்னைத் திட்டுவாய்.

ஒன்பது மணிக்கு மூட்டினேன். துரை, பக்கத்து எஸ்டேட் துரைகள் இரண்டு பேர், கிராணி, லிம், தொழிற்சாலை ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். அரை மணி ஆனது. கிராணி கடிகாரத்தைப் பார்த்தார், நான் கிராணியைப் பார்த்தேன். ஒரு மணி. இரண்டு மணி. நான் போய் முதுகில் கை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது நீலா, வெதுவெதுப்புக்கூட இல்லை.

பன்னிரண்டு மணிக்குத் துரை, "எல்லாம் சரி, போன தடவ எரிஞ்சது மாதிரி இனிமே எரியாதுன்னு என்னா நிச்சயம்?" என்று கேட்டார். லிம் ஏதோ விளக்க ஆரம்பித்தார், ஒருவருக்கும் புரியவில்லை. நான் முன்னால் போனேன். முதலில் நான் செய்ததைச் சொன்னேன். பதினாறுக்குப் பதில் பதினெட்டு போட்டது நான்தான், பெட்டிமேல் குற்றம் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கிராணி சிரிக்கவில்லை. பிறகு நீ தொடக்கூடாது என்று சொன்ன எண்பலகையை இழுத்து, 20 என்று தட்டினேன்.

லிம்மின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். திரை ஆடக்கூட இல்லை. "திடாக் டிதெரிமா" என்று மலாயில் ஏற்கவில்லை என்று காட்டிவிட்டு, மறுபடியும் 196 என்று டிரையர் சூட்டைக் காட்டியது. நான் 40 தட்டினேன். ஏற்கவில்லை. 95. ஏற்கவில்லை. "யாருக்கு எரிக்கணும்? வாங்க, வந்து எரிங்க!" என்று கத்தினேன். எனக்கு அப்படி ஒரு வெறி வந்துவிட்டது.

துரை வந்து தட்டினார். பக்கத்து எஸ்டேட் துரைகள் தட்டினார்கள். பக்கிரிசாமி தன் வயதைத் தட்டினார். கிராணி முதலில் மாட்டேன் என்றார், பிறகு வந்து தன் கார் நம்பரைத் தட்டினார். வரிசை வாசல் வரை போய்விட்டது. பவளம், "எனக்கு நம்பர் தெரியாதுண்ணே, இந்த முட்ட மாரி இருக்கே, இத அமுக்கவா?" என்று கேட்டு அதை அமுக்கினாள். அதையும் ஏற்கவில்லை. முப்பது பேருக்கு மேல் எரிக்கப் பார்த்தார்கள், ஒருவராலும் முடியவில்லை.

ஆறு எஸ்டேட்டுக்கு ஆறு பெட்டி என்று துரை லிம்மிடம் சொல்லிவிட்டார்.

ஒரே திரை என்று தெரிந்தும் ஏன் தட்டினாய் என்று கேட்காதே. 95 போகாது என்று நீ எழுதியிருந்தாய். நீ எழுதினால் போகாது என்று எனக்குத் தெரியும். அதை அவர்களுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

மணியம்

பினாங்கு
24.5.1984

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே போனேன். முட்டை வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

என் சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் தொடங்கி 255 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே ஒரு டிக் இருக்கிறது. பூஜ்யம் இல்லை. அத்தான், பூஜ்யத்தை நான் சோதிக்கவே இல்லை. அதை யாரும் தட்டுவார்கள் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பூஜ்யத்தால் எதையும் வகுக்க முடியாது. வகுக்கும் இடத்துக்கு அது போயிருந்தால் என் புரோகிராம் விடை கிடைக்காமல் அங்கேயே சுற்றிக்கொண்டு கிடந்திருக்கும். திரைக்கு என்ன வேகம் போயிருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஓடிப்போய்த் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்தேன். 96க்குக் கீழே எது வந்தாலும் திருப்பி அனுப்பும் வரி, வகுக்கும் வரிக்கு மூன்று வரி மேலே இருக்கிறது. அதை மேலே எழுதியதற்கு ஒரு காரணமும் கிடையாது. அந்தத் தாளில் மேலே இடம் இருந்தது, எழுதிவிட்டேன். மூன்று வரி கீழே எழுதியிருந்தால், முப்பது பேர் முன்னால் நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்...

என்னை நம்பித் தட்டினேன் என்கிறீர்கள். இப்படியா நம்புவது? அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது.

ஆறு பெட்டிக்கும் சோதனைத் தாளை இன்று புதிதாக எழுதுகிறேன். முதல் வரியில் பூஜ்யம். அதற்கு நேரே ஏற்கெனவே ஒரு டிக் போட்டாயிற்று, பக்கத்தில் "பவளம், ரிங்லெட், 19.5.84" என்று எழுதியிருக்கிறேன்.

இதைப் பவளம் அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். பயந்துவிடுவார். இல்லை, சொல்லுங்கள். இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

நீலா